நூறு மீற்றரில் ஒரு காகிதத் தட்டு

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பதினான்காம் நாள், சனிக்கிழமை. ஜெர்மனியின் எசன் நகரில் தூறல் ஓய்ந்து, வானம் மூடிக் கிடந்தது. இலை அசையவில்லை. குறி தவறினால் காற்றின்மேல் பழிபோட வழியில்லாத காலை அது.

மகேந்திரராஜாவுக்கு அதுவும் நல்லதாகவே பட்டது. பழி முழுவதும் துவக்கின்மேல், அந்தப் பழைய வேட்டைத் துப்பாக்கியின்மேல், விழவேண்டும் என்பதே அவருடைய திட்டம். வேட்டை அனுமதி கிடைத்தபோது வாங்கிய துவக்கை மாற்றிப் புதியதொன்று வாங்க அவர் துடித்தார். பழையது தூரத்துக்கு எட்டாது என்று கோடை முழுவதும் ஓதினார். மனைவி புஸ்பவதி ஒரேயொரு நிபந்தனை விதித்தார். கோயில் அன்னதானத்தில் மிஞ்சிய காகிதத் தட்டில் ஐந்து வெடியும் விழுகின்ற தூரமே துவக்கின் தூரம். நூறு மீற்றரில் விழாவிட்டால் புதியது வாங்கலாம்.

சுடுதளத்தில் புஸ்பவதியோடு கண்காணிப்பாளர் டீட்மார் பின்னால் நின்றார். அடுத்த வாரக் காட்டுப்பன்றி வேட்டையில் யார் எங்கே நிற்பது என்று தீர்மானிப்பவரும் அவரே. மகேந்திரராஜா மூச்சை அடக்கினார். தட்டின் நடு துல்லியமாகத் தெரிந்தது. பிறகு குழலை மயிரிழை வலப்பக்கம் நகர்த்திச் சுட்டார். ஐந்து முறையும் அப்படியே. தப்பித்தவறிப் பட்டுவிடுமோ என்ற அச்சத்தில் சட்டைக் கழுத்து நனைந்தது.

தட்டில் சோறு பரிமாறலாம். ஒரு துளையும் இல்லை.

“பாத்தீரே? நான் என்ன செய்ய? இந்தத் துவக்காலை ஏலாது,” என்றார், செத்தவீட்டுக்கு வந்தவர் குரலில்.

புஸ்பவதி துவக்கை டீட்மாரிடம் கொடுக்கச் சொன்னார். டீட்மார் சுட்டார். ஐந்தும் ஓர் உளுந்துவடை மறைக்கும் இடத்துக்குள் விழுந்தன.

“இஞ்சேருங்கோ, துவக்கு வடிவா எட்டுது. இப்ப ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ. வேணுமெண்டு தப்ப விட்டனீங்களோ, இல்லாட்டிச் சுடத் தெரியாதோ?” என்று கேட்டார் புஸ்பவதி.

முதலாவதை ஒப்புக்கொண்டால் சாகும்வரை வீட்டில் கள்ளன். இரண்டாவதை ஒப்புக்கொண்டால் மானம் போகும்; ஆனால் டீட்மாருக்குத் தமிழ் தெரியாது. அந்த ஒரே துணிவில் மகேந்திரராஜா தலையைக் குனிந்தார்.

“சுடத் தெரியாது.”

புஸ்பவதி அதைப் பிழையற்ற ஜெர்மன் மொழியில் டீட்மாருக்குச் சொன்னார்.

புதிய துவக்கு வாங்கப்படவில்லை. அடுத்த சனிக்கிழமை வேட்டையில், டீட்மாரின் தீர்மானப்படி, மகேந்திரராஜா செம்மஞ்சள் அங்கி அணிந்து, வெறுந்தடியால் பற்றைகளை அடித்து, கூவிக் கூவிப் பன்றிகளை மற்றவர்களின் துவக்குகளை நோக்கிக் கலைத்தார். தொண்டை கட்டிவிட்டதால் அன்று மாலை வீட்டில் புதிய துவக்கைப் பற்றி ஓதவும் அவருக்குக் குரல் இருக்கவில்லை.