கிடங்கில் இல்லாத கரண்டி

என் தொந்தி மாமாவுக்கு,

உங்கள் குட்டிமா எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்க வழியில்லாமல் இரண்டு மாதம் ஆகிறது.

உலகத்தில் எல்லா நாடும் துப்பாக்கி, பீரங்கி எல்லாவற்றையும் உருக்கிக் கொட்டிவிட்டதல்லவா? நீங்கள் காவல் காத்த கிடங்கில் கடைசி அறை மட்டும் திறக்கவில்லையாம். சாவி உங்களிடம். நீங்களோ சொல்லாமல் கொள்ளாமல் கண்ணை மூடிவிட்டீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் திறக்காவிட்டால் நாங்களும் மறுபடி ஆயுதம் செய்வோம் என்று பக்கத்து நாடு கறாராகச் சொல்லிவிட்டது. உங்கள் அதிகாரி ஓடி வந்து, "அம்மா, உலக சமாதானமே உங்க அலமாரியிலதான்மா இருக்கு!" என்றார். "அதுல பூச்சி உருண்டைதான் இருக்கு, பாத்துக்குங்க" என்றேன். மெத்தையைக் கிழித்தார்கள், பருப்பு டப்பாவைக் கவிழ்த்தார்கள், கடைசியில் சாவி உங்கள் மழைக்கோட்டு மடிப்புக்குள் வைத்துத் தைத்திருந்தது. கோணல் தையலைப் பார்த்ததுமே உங்கள் கை என்று தெரிந்தது. கொஞ்சம் அழுதுவிட்டுத்தான் பிரித்தேன்.

கதவைத் திறந்தால் துப்பாக்கி ஒன்றுகூட இல்லை. என் கரண்டி பதினொன்று, விளக்குமாறு நாலு, இடுக்கி இரண்டு, மூக்கு நசுங்கிய கெட்டில்! முப்பது வருஷமாகக் காணாமல் போனதெல்லாம் வரிசையாக, ஒவ்வொன்றிலும் உங்கள் கையெழுத்தில் சீட்டு. பக்கத்து நாட்டு மேற்பார்வை அம்மா சத்தமாகப் படித்தார்: "கல்யாண நாளை மறந்த அன்று. இடது தோள்." "அவள் அக்கா சமையலைப் புகழ்ந்த அன்று. குறி தப்பியது." படித்துவிட்டு, "உலகத்துக்கு முன்னாடியே ஆயுதத்தை ஒழிச்சவரு உங்க வீட்டுக்காரர்தாம்மா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சமாதானப் பத்திரத்தில் கையெழுத்தாகிவிட்டது. இதெல்லாம் ஆயுதக் கணக்கில் சேராது என்று எல்லாவற்றையும் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சண்டை போட ஆளில்லாத வீட்டில் இத்தனை கரண்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இதையெல்லாம் எதிர்வீட்டுக்காரி திருடினாள் என்று முப்பது வருஷம் அவளோடு பேசாமலிருந்தேனே, அதுதான் வெட்கம். இதோ மன்னிப்புக் கேட்கப் போகிறேன். இனி யார்மேலும் பகையில்லை. அங்கே குளிரடித்தால் போர்த்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆயுதம் துறந்த உங்கள் குட்டிமா

பின்குறிப்பு: போனேன். கட்டிப்பிடித்து அழுதாள், நானும் அழுதேன். "டீ குடிச்சிட்டுத்தான் போகணும் அக்கா" என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அடுப்படி ஆணியில் தொங்குகிறது, கல்யாணமான வருஷம் உங்கள் முதுகில் பட்டுப் பிடி வளைந்த கரண்டி! கிடங்கில் இல்லாத ஒன்றே ஒன்று. வீட்டுக்கு ஓடிவந்து நாலு விளக்குமாற்றில் தடித்ததை எடுத்துக்கொண்டேன். அவள் வாசலில் நின்றுதான் இதை எழுதுகிறேன். கதவைத் தட்டுமுன் உண்மையைச் சொல்லுங்கள் மாமா, அதை அவள் எடுத்தாளா, நீங்கள் கொடுத்தீர்களா?