கோட்டைச்சாமி வகைச் சிறுநீரகம்

மனித குலம் இதுவரை மூன்று முறை தலைநிமிர்ந்திருக்கிறது. நெருப்பைக் கண்டபோது ஒரு முறை, சக்கரத்தைக் கண்டபோது ஒரு முறை. மூன்றாவது முறை 2004-ல், கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் கல்லூரி விலங்கியல் துறை ‘எலும்பு மீன்களின் சிறுநீரகம்: ஓர் ஒப்பீடு’ என்ற கருத்தரங்கை நடத்தியபோது. முதல் இரண்டுக்கும் மதியச் சாப்பாடு போட்டதாகத் தகவல் இல்லை.

நான் அத்துறையின் விரிவுரையாளன். கூடவே மாணவியர் விடுதியின் உணவுப் பொறுப்பாளன். விதிப்படி, எந்தக் குழம்பையும் பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் நான் ஒரு வாய் ருசி பார்த்தாக வேண்டும். இந்தத் தியாகத்தைப் பல வருடமாகச் செய்துவருகிறேன்.

மீனுக்குச் சிறுநீரகம் எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். மீன் கழுவும்போது முதுகெலும்பை ஒட்டி ரத்தக்கட்டி மாதிரி நீளமாக ஒன்றைச் சுரண்டி எறிவீர்களே, அதேதான். கடல்மீன் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிறுநீரைச் சிக்கனமாகக் கழிக்கும். குளத்து மீன் தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்கக் கழிக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காகத் தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் சீலா மீன் வரவழைக்கப்பட்டது. சிறுநீரகம் ஆய்வுக்கு, மீதி ஆய்வாளர்களுக்கு. குளத்து மீனுக்கு அந்த அலைச்சல் இல்லை. தாளாளர் கோட்டைச்சாமி ஐயா குத்தகைக்கு எடுத்த குளம் கல்லூரிக்குப் பின்னாலேயே இருக்கிறது. புதன்கிழமைதோறும் விடுதிக் குழம்புக்குக் கெண்டை வருவது அங்கிருந்துதான். குளத்துக்கு மேல் மேட்டில் இருப்பது ஐயாவின் திராட்சைத் தோட்டம்.

மீன் அறுக்கும் பொறுப்பு எம்.பில். மாணவி ஷாஜியாவுடையது. உத்தமபாளையத்துப் பெண். அவள் தங்கை ருக்சானா எங்கள் விடுதியில் தங்கி பி.ஏ. படிக்கிறாள். சீலாவின் சிறுநீரகம் புத்தகத்தில் போட்டிருக்கிறபடியே இருந்தது. கெண்டையுடையதோ வீங்கி, வெளுத்து, கரும்புள்ளி விழுந்து கிடந்தது. எந்தக் கெண்டையை அறுத்தாலும் அதே கதை. திராட்சைக்கு அடிக்கிற மருந்து மழையில் வடிந்து குளத்தில் சேர்கிறது, விடுதிக்கு இந்த மீனை நிறுத்த வேண்டும் என்று அந்தப் பெண் துறைத் தலைவர் ராஜமணியிடமே போய்ச் சொல்லிவிட்டாள். இளரத்தம், வேறென்ன.

ராஜமணி உடனே ‘உயர்மட்டக் குழு’வைக் கூட்டினார். தாளாளரே நேரில் வந்து உட்கார்ந்து, ஷாஜியாவை அழைத்துக் கேட்டார்.

“ஏம்மா, குளத்து மீனு தண்ணியே குடிக்காதுன்னு உங்க சாரு சொல்றாக. குடிக்காத மீன தண்ணி எப்படிம்மா கெடுக்கும்?”

விஞ்ஞானமே வாயடைத்துப் போகும் கேள்வி. நாங்கள் கைதட்டினோம். ஷாஜியா மட்டும் தட்டவில்லை.

“வாயால குடிக்காதுங்கய்யா. செவுள் வழியா ஊறி உள்ள போயிருது. அத வெளிய தள்ளித் தள்ளியே அதோட கிட்னி ஓஞ்சு போகுது. கூடவே போற மருந்தும் அங்கன தங்கிருது. என் தங்கச்சி அந்த மீனத்தான்யா திங்கிறா.”

குழு தீர ஆலோசித்தது. ஒரு மீனுக்கு இப்படி இருந்தால் அது நோய், எல்லா மீனுக்கும் இருந்தால் அது உடற்கூறு என்று ராஜமணி தெளிவுபடுத்தினார். ஆகவே இது உலகம் இதுவரை அறியாத புதிய வகைச் சிறுநீரகம். அதற்குக் ‘கோட்டைச்சாமி வகை’ என்று பெயரிட்டு, உண்ணத்தக்கது எனச் சான்றளித்து அனைவரும் கையெழுத்திட்டோம். ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஷாஜியாவின் ஆய்வேட்டில் இந்தப் பெயர் ஏறினால்தான் பட்டம் என்றும் அன்போடு எடுத்துச் சொல்லப்பட்டது.

கருத்தரங்கு ஒரு சனிக்கிழமை நடந்தது. மதியம் தலைவாழை இலையில் சீலா வறுவல். ராஜமணி மூன்றாம் துண்டில் இருந்தபோது ஷாஜியா ஒரு பெரிய சட்டியைத் தூக்கிவந்து எங்கள் வரிசைக்கு முன்னால் இறக்கினாள். கெண்டைக் குழம்பு. வாசனை நன்றாகவே இருந்தது.

“நம்ம குளத்து மீனுதான். கோட்டைச்சாமி வகை. நல்ல மீனுன்னு கையெழுத்துப் போட்டவுக எல்லாரும் ஆளுக்கு ஒரு துண்டு சாப்பிடுங்க. நீங்க சொல்ற பேர நானும் எழுதிக் குடுத்துர்றேன்,” என்றாள்.

ராஜமணி கையிலிருந்த முள்ளை இலையோரம் வைத்துவிட்டு, அன்று சனிக்கிழமை என்பதை நினைவுகூர்ந்தார். குச்சனூர் சனீஸ்வரனுக்கு அவர் விரதமாம். விசாரித்தால் வரிசை முழுக்கவே விரதம். தாளாளர் வாயில் இருந்த சீலாவை விழுங்கிவிட்டு விரதத்தைத் தொடங்கினார். நான் அவருக்கும் முன்பே தொடங்கியிருந்தேன். பக்தி இந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் சாகவில்லை என்று கண்ட நாள் அது.

“சோறு கொழம்ப வீணாக்கக் கூடாது. ஹாஸ்டலுக்குத் தூக்கிட்டுப் போங்க,” என்றார் தாளாளர். என்ன ஒரு தாயுள்ளம்!

ஷாஜியா சட்டியைத் தூக்கினாள். விடுதிக்குப் போகவில்லை. வெளியே போய் வாழைப் பாத்தியில் மொத்தத்தையும் கொட்டினாள்.

உணவை வீணாக்கிய குற்றத்துக்காக அவளுடைய பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. குற்றச்சாட்டை எழுதும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ‘உண்ணத்தக்க’ என்ற சொல்லுக்கு அடிக்கோடும் போட்டேன்.

புதன்கிழமை வழக்கம்போல விடுதிக்குக் கெண்டை வந்தது. ருக்சானா தட்டைக் கவிழ்த்துப் பிடித்தபடி வரிசையின் முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் அத்தனை பிள்ளைகளும் நின்றார்கள்.

“சார், நீங்க இன்னும் ருசி பாக்கலையே?” என்றாள்.

கருத்தரங்கு நாளிலிருந்து குச்சனூரானுக்குப் புதன்கிழமையும் விரதம் இருக்கிறேன் என்று பணிவோடு விளக்கிவிட்டு, பிள்ளைகளுக்குப் பரிமாறச் சொன்னேன்.