ஒன்றுக்கு அடுத்தது பத்து

புதிதாகக் கார் ஓட்டக் கற்றவரையும், புதிதாகக் கேமரா வாங்கியவரையும், புதிதாக உடம்பு இளைத்தவரையும் தூரத்தில் பார்த்தாலே வேறு தெருவுக்குள் நுழைந்து தப்பித்துவிடுகிற சாமர்த்தியம் உங்களுக்கு இருக்கலாம். ஆனால் இன்னொரு ஜீவன் இருக்கிறது. அதனிடமிருந்து தப்ப முடியாது. அது உங்கள் அலுவலகத்தில் இருக்கும், உங்கள் வீட்டு மாடியில் இருக்கும், துரதிர்ஷ்டம் முற்றிப்போனால் உங்களுக்கு மாப்பிள்ளையாகவே வந்து வாய்க்கும். கணினியில் ஸ்கிரிப்ட் எழுதுவதற்குச் சமீபத்தில் கற்றுக்கொண்ட ஜீவன் அது. ஸ்கிரிப்ட் என்றால் மலைக்க வேண்டாம். "இதைச் செய், முடிந்ததும் அதைச் செய்" என்று கணினிக்கு வரிவரியாக எழுதிக்கொடுக்கும் உத்தரவு, அவ்வளவுதான். முழுசாகப் படித்த இன்ஜினியரிடம் நமக்குப் பயமில்லை. எதைத் தொடக்கூடாது என்று அவருக்குத் தெரியும். ஒன்றுமே தெரியாதவரிடமும் பயமில்லை. அவர் எதையும் தொடமாட்டார். இரண்டுக்கும் நடுவே கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறாரே, அவருக்குத்தான் ஸ்கிரிப்டாளர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

ஸ்கிரிப்டாளரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஐந்து நிமிடத்தில் கையால் முடிகிற வேலையைக் கொடுத்துப் பாருங்கள். கண்கள் பளிச்சிடும், நாற்காலி முன்னால் நகரும், "இதையெல்லாம் யாராவது கையால செய்வாங்களா?" என்ற கேள்வி கிளம்பும், பிறகு இரண்டு நாள் அவரை யாரும் பார்க்க முடியாது, மூன்றாம் நாள் தாடியோடும் சிவந்த கண்ணோடும் வந்து, "இனிமே இந்த வேலை ஒரு நொடியில முடிஞ்சிடும்" என்பார். அந்த வேலை இனிமேல் வரவே வராது என்று அவரிடம் யார் சொல்வது? நான் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள். பாவம்.

நாம் நெருங்கிப் பார்க்கப்போகிறவர் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜைக்காரர். நல்ல மனுஷன். நோயாளிகளின் பெயரைக் கேட்டு எழுதுவது, டோக்கன் கொடுப்பது, "இன்னும் எவ்வளவு நேரமாகும்?" என்பவர்களிடம் "இதோ ஆச்சு" என்று கூசாமல் சொல்வது, இவைதான் அவருடைய உத்தியோகம். ஒருநாள் பொழுது போகாமல் இணையத்தில் ஒரு பாடத்தைத் திறந்தார். முதல் பாடத்தில் கணினி அவருக்கு வணக்கம் சொல்லியது. அவர் சொல்லச் சொல்லித்தான் அது சொன்னது, இருந்தாலும் மனுஷன் நெகிழ்ந்துபோனார். அந்த மருத்துவமனையில் அதுவரை அவருக்கு யாரும் முதலில் வணக்கம் சொன்னதில்லை.

அன்றிலிருந்து தலைகால் புரியவில்லை. மனைவியின் கைப்பேசியில் இருந்த படங்களையெல்லாம் தேதிவாரியாக அடுக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். படங்கள் வரிசையாகத்தான் வந்தன, ஆனால் எல்லாப் படத்துக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டதால், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கடைசியில் மிஞ்சியது கேஸ் சிலிண்டரின் படம் ஒன்றுதான். "அதுவாவது தெளிவா இருக்கே" என்றார். மனைவி நாலு நாள் பேசவில்லை. அந்த அமைதியைப் பயன்படுத்திக்கொண்டு அடுத்த ஸ்கிரிப்ட்டை எழுதினார்.

அதுதான் டோக்கன் ஸ்கிரிப்ட்.

அந்த மருத்துவமனையில் நோயாளிகளை உள்ளே கூப்பிட ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருந்தது. நர்ஸம்மா கதவைத் திறந்து, தலையை நீட்டி, "அடுத்து யாரு?" என்பார். அடுத்தவர் எழுந்து போவார். இதில் ஒரு குறையும் யாரும் கண்டதில்லை. ஆனால் ஸ்கிரிப்டாளரின் கண்ணே வேறு. குறையில்லாத இடத்தில்தான் அவருக்குக் கை ஊறும். நர்ஸம்மா ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், கணினியே டோக்கன்களை வரிசையில் அடுக்கி, அடுத்த எண்ணை ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரலில் அறிவிக்கும்படி செய்துவிட்டார். ஐந்து டோக்கன்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கண்ணில் நீர் தளும்பியது.

ஸ்கிரிப்ட் முதன்முதலில் அரங்கேறிய அந்தக் காலையில்தான் அவருடைய மாமியாருக்குக் கடைவாய்ப் பல் எடுக்க வேண்டியிருந்தது. கன்னம் ஒரு பக்கம் வீங்கி, கண் பாதி மூடி, அம்மாள் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. கடைவாய்ப் பல் எடுப்பது பெரிய டாக்டரம்மா மட்டும்தான். சின்ன டாக்டர் மற்றப் பற்களோடு சரி. பெரிய டாக்டரம்மாவோ அன்று மத்தியானம் ஒரு மணிக்குக் கிளம்பி வெளிநாடு போகிறார், திரும்பிவரப் பதினைந்து நாள் ஆகும். விஷயத்தின் தீவிரத்தை மனைவி வாசலிலேயே விளக்கிவிட்டாள்.

"அம்மா அந்தப் பல்லோட திரும்பி வந்தாங்கன்னா, நீங்க அப்படியே ஆஸ்பத்திரியிலயே இருந்துக்குங்க."

"அட, என்ன நீ! ரெண்டாம் நம்பர் டோக்கன் போட்டிருக்கேன். அத்தை போய் உட்கார்றதுக்குள்ள கூப்பிட்டுடும்."

"யாரு கூப்பிடும்?"

"ஸ்கிரிப்ட்."

மனைவி தன் கைப்பேசியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கேஸ் சிலிண்டர் படம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. "டோக்கன் எண் ஒன்று. உள்ளே வரவும்." கூடத்தில் இருந்த இருபத்துச் சொச்சம் பேரும் நிமிர்ந்தார்கள். நம்மவர் மேஜைக்குப் பின்னால் எழுந்தே நின்றுவிட்டார். ஒன்றாம் நம்பர்காரர், ஒரு தையல்காரர், உள்ளே போய்ப் பல்லைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். நர்ஸம்மா பொத்தானை அழுத்தினார். மாமியார் கைப்பையை எடுத்துக்கொண்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, எழுந்தார்.

"டோக்கன் எண் பத்து. உள்ளே வரவும்."

மாமியார் உட்கார்ந்தார்.

"என்ன மாப்பிள்ளை?" என்பது போலப் பார்த்தார். வாயைத் திறந்து கேட்க முடியாது, வலி.

"ஒண்ணுமில்ல அத்தை. சில சமயம் அவசர கேஸை அதுவே முன்னால எடுக்கும்" என்றார் நம்மவர். அவருடைய ஸ்கிரிப்ட்டுக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் ஸ்கிரிப்ட் தப்புச் செய்தால், ஏதோ காரணத்தோடுதான் செய்கிறது என்று நம்புவது இந்த இனத்தின் பிறவிக் குணம். பெற்ற பிள்ளையிடம்கூட இவ்வளவு நம்பிக்கை வைக்கமாட்டார்கள்.

அடுத்து பதினொன்று. அதற்கடுத்து பன்னிரண்டு.

இங்கே நடந்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம்மவர் டோக்கன்களை எண்களாக எழுதாமல் எழுத்துகளாக எழுதிவைத்திருந்தார். எழுத்து என்றால் கணினி அகராதி போல அடுக்கும். அகராதியில் 'அ'வில் தொடங்கும் சொல்லெல்லாம் தீர்ந்த பிறகுதானே 'ஆ' வரும்? அதேபோல 1 என்ற இலக்கத்தில் தொடங்குவதெல்லாம் (10-க்கும் முதல் இலக்கம் 1தானே?) தீர்ந்தால்தான் இரண்டுக்குக் கதவு திறக்கும். ஒன்று, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று பத்தொன்பது வரை போய், அப்புறம்தான் இரண்டு. ஐந்து டோக்கன்களோடு சோதனையை முடித்துக்கொண்டவருக்கு இது எப்படித் தெரியும்?

நர்ஸம்மா வந்தார். "சார், நான் வேணா வாயாலயே கூப்பிட்டுடட்டுமா?"

"அஞ்சே நிமிஷம்."

ஸ்கிரிப்டாளரின் அகராதியில் ஐந்து நிமிடத்துக்கு என்ன பொருள் என்று நீங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். நம்மவர் திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டார். தப்பு எங்கே என்று தெரியாதபோது இவர்கள் கையாளும் வைத்தியம் ஒன்று உண்டு: ஸ்கிரிப்ட்டுக்கு நடுவே நாலைந்து இடத்தில் "இங்க வந்துட்டேன்" என்று சொல்லச் சொல்லிவிடுவார்கள், கடைசியாக எங்கிருந்து சொல்கிறதோ அதுவரை ஓடியிருக்கிறது என்று அர்த்தம். நல்ல வைத்தியம்தான். ஆனால் நம்மவருடைய ஸ்கிரிப்ட் எதைச் சொன்னாலும் ஒலிபெருக்கியில்தான் சொல்லும் என்பதை மறந்துவிட்டார்.

"இங்க வந்துட்டேன்" என்றது அந்தப் பெண் குரல்.

கூடத்தில் எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

"இங்க வந்துட்டேன். இங்க வந்துட்டேன்."

"வாம்மா, வந்து உட்காரு" என்றார் நாலாம் நம்பர் டோக்கன் வைத்திருந்த பெரியவர். "நாங்களும் காலையிலேர்ந்து இங்கதான் இருக்கோம்."

கூடம் முழுக்கச் சிரித்தது. வீங்கின கன்னங்கள், பஞ்சு அடைத்த வாய்கள், கட்டுப்போட்ட தாடைகள் எல்லாம் சேர்ந்து, வலிக்க வலிக்கச் சிரித்தன. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் நம்மவர். இன்னொருவர் மாமியார். அந்த அம்மாள் உள்ளங்கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். அதுதான் தாங்கமுடியவில்லை. நம்மவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். எழுந்து போய், "வாங்க அத்தை" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனால் காரியம் முடிந்தது. கதவு பத்தடி தூரம்தான். பாதி எழுந்தும்விட்டார்.

அந்த நேரம் பார்த்து வேறொன்று தோன்றியது. கேள்வி கேட்டால் யார் யாரோ பதில் சொல்லும் இணையத் திண்ணை ஒன்று இருக்கிறதே, அங்கே கேட்டால் என்ன? உட்கார்ந்துவிட்டார்.

"ஒன்றுக்கு அடுத்து பத்து வருகிறது. அவசரம். மாமியார் காத்திருக்கிறார்" என்று எழுதினார். முதல் பதில்: "இந்தக் கேள்வி ஏற்கெனவே ஆயிரம் தடவை கேட்கப்பட்டுவிட்டது." இரண்டாவது பதில்: "இந்த மொழியையே விட்டுவிட்டு வேறு மொழி கற்றுக்கொள்ளுங்கள்." மூன்றாவது ஆள் மாமியாரைப் பற்றி விசாரித்தார். இவர்கள் மூவரும் சண்டை போட்டு முடிப்பதற்குள் பதினான்கு, பதினைந்து, பதினாறு, பதினேழு எல்லோரும் உள்ளே போய் வந்துவிட்டார்கள். மூன்றாம் நம்பர் அம்மாள் மேஜையைத் தட்டினார். ஏழாம் நம்பர்காரர் கணினியைத் தட்டினார். பதினெட்டு போனது. பத்தொன்பதும் போனது. மணி பன்னிரண்டரை. உள்ளே டாக்டரம்மாவின் பெட்டி சக்கரம் உருளும் சத்தம்கூடக் கேட்டது.

அப்போதுதான் நாலாவது பதில் வந்தது. "ஆரம்பநிலைக்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. எண்ணாக மாற்றுங்கள். ஒரு சொல் சேர்த்தால் போதும்."

ஆரம்பநிலைக்காரர் என்ற சொல் கொஞ்சம் சுருக்கென்று தைத்தது. இருந்தாலும் அந்த ஒரு சொல்லைச் சேர்த்தார். வாசகர்களே, கவனியுங்கள். ஒன்றில் தொடங்கும் டோக்கனெல்லாம் தீர்ந்தாயிற்று. நம்மவர் ஒன்றுமே செய்யாமல், கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால், அடுத்தது இரண்டுதான். மாமியார்தான்! நர்ஸம்மாவின் விரல்கூடப் பொத்தானுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

"நிறுத்துங்க!" என்று அலறினார் நம்மவர். "சரி பண்ணிட்டேன்!"

ஸ்கிரிப்ட்டை நிறுத்தினார். மறுபடி ஓடவிட்டார். அது முதலிலிருந்து, மிக மிகச் சரியான வரிசையில், தொடங்கியது.

"டோக்கன் எண் ஒன்று. உள்ளே வரவும்."

தையல்காரர் இன்னும் போகவில்லை. மருந்து வாங்கிக்கொண்டு, மரத்த வாயோடு, மத்தியானம் மகன் வண்டி எடுத்து வருவதற்காகக் காத்திருந்தார். கூப்பிட்டால் போகத்தானே வேண்டும்? மரியாதைக்காரர். எழுந்து, மறுபடியும் உள்ளே போனார்.

"என்னங்க இது, காலையிலதானே எடுத்தேன்?" என்று டாக்டரம்மாவின் குரல் கேட்டது. "இன்னொண்ணும் எடுக்கணுமா?"

"ம்ம்ம்ம்" என்றார் தையல்காரர். அவரால் அவ்வளவுதான் முடிந்தது. ஆமாம் என்றாரா, ஐயோ என்றாரா, யாருக்குத் தெரியும்? டாக்டரம்மா கையுறையை எடுக்கிற அளவுக்குப் போய்விட்டது.

நர்ஸம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. தையல்காரரைத் தோளைப் பிடித்து வெளியே திருப்பினார். ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கினார். கதவைத் திறந்து, தலையை நீட்டினார்.

"அடுத்து யாரு?"

மாமியார் எழுந்து போனார்.

அவ்வளவுதான். ஒரு மணிக்குள் பல் வெளியே வந்துவிட்டது, டாக்டரம்மாவும் கிளம்பிவிட்டார், மற்றவர்களைச் சின்ன டாக்டர் பார்த்துக்கொண்டார். மாமியார் வாய் நிறையப் பஞ்சோடு வெளியே வந்தபோது, நம்மவர் முகமெல்லாம் ஜொலிக்க ஓடிவந்தார். வலி எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் வருகிறார் என்று அந்த அம்மாள் நினைத்தார்.

"அத்தை, பார்த்தீங்களா? ஒண்ணே ஒண்ணுதான்! எண்ணா மாத்தாம விட்டுட்டேன். இனிமே தப்பே வராது!"

அம்மாளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் வாயில் பஞ்சு. பஞ்சை எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது மாப்பிள்ளை செய்த பூர்வ புண்ணியம்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. போவதற்கு முன் ஒரு சின்ன விசாரணை. ஒலிபெருக்கி "பத்து" என்றபோதே, "அட, எழுத்தாக வைத்திருக்கிறார் போல" என்று உங்களுக்குத் தோன்றிவிட்டதா? நான் அகராதி, 'அ', 'ஆ' என்று விளக்கியபோது, "இதைப் போய்ச் சொல்ல வேண்டுமா" என்று சலித்துக்கொண்டீர்களா? "முதலிலிருந்து ஓடாமல் விட்ட இடத்திலிருந்து ஓடவைக்க ஒரு வரி போட்டிருக்கலாமே" என்று உங்கள் விரல் துறுதுறுத்ததா? கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். அவரை அந்த நாற்காலியிலேயே விட்டுவிட்டு, இவ்வளவு நேரமும் நீங்களும் அந்த வரியைத்தானே தேடிக்கொண்டிருந்தீர்கள்?