காத்திரு பெட்டியை நீக்கியவள்

பொறாமைப்பட்டதை ஒப்புக்கொள்கிறவர்கள்கூட "லேசான பொறாமை" என்றுதான் சொல்வார்கள். எனக்கு இருந்தது லேசானது இல்லை. வயிறு பற்றி எரிந்தது. அதில் ஒரு கல்லூரியின் மானமே போனது.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி உதவியாளர். கல்வராயன் மலையில் பெய்கிற மழையில் எவ்வளவு கோமுகி அணைக்கு வந்து சேரும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது வேலை. எங்கள் ஊர் கச்சிராயபாளையம். அப்பாவின் கரும்புக்கு அந்த அணைத் தண்ணீர்தான். அதனால் இந்த ஆராய்ச்சிக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் உலகத்திலேயே இல்லை என்று நம்பியிருந்தேன். (உலகத்துக்கு அப்படி ஒரு எண்ணம் இல்லை.) என்னோடு சேர்ந்த இன்னொருவன் ஆரோக்கியசாமி, எலவனாசூர்கோட்டைக்காரன். ஆராய்ச்சியின் அடுத்த கட்டத்தில் எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் வேலை.

மழையளவுகளை ஒரு வெளியூர் மையத்தின் இணையதளத்தில் தேடி, எக்செல்லில் ஒட்டி, கணக்குப் போட்டு, இரண்டு நாளில் ஒரு வரைபடம் எடுப்பேன். ஆரோக்கியசாமி இதையெல்லாம் வரிசையாகத் தானே செய்கிற ஒரு வொர்க்ஃப்ளோ செய்தான். திரையில் ஏழு பெட்டிகள், நடுவே கோடுகள். முதல் பெட்டி அந்த மையத்தின் வெப் சர்வீஸிடம் மழையளவைக் கேட்டு வாங்கும். நடுவில் உள்ளவை கணக்குப் போடும். கடைசிப் பெட்டி வரைபடத்தைக் கொடுத்துவிடும். பட்டனை அமுக்கிவிட்டு அவன் கேன்டீனுக்குப் போய்விடுவான்.

"ஆரோக்கியம் டீ குடிச்சிக்கினே வேலைய முடிச்சிட்டான். நீ இன்னா சங்கீதா இன்னும் ஒட்டிக்கினே இருக்கற?" என்றார் எங்கள் பேராசிரியை. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவனுடைய வொர்க்ஃப்ளோ பொது ஃபோல்டரில் இருந்தது. அவனிடம் கேட்காமல் நகலெடுத்தேன். ஏழு பெட்டிகளை இருபத்து மூன்றாக்கினேன். அவன் மலை முழுவதற்கும் சேர்த்து ஒரு மாதத்து மழைக்கு ஒரு கேள்விதான் கேட்டான். நான் மலையிலிருக்கும் ஒவ்வொரு ஊருக்கும், ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகக் கேட்டேன். பதில் வராவிட்டால் வரும்வரை திரும்பக் கேள் என்றும் போட்டேன். ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் நடுவே "பத்து வினாடி காத்திரு" என்று அவன் ஒரு பெட்டி வைத்திருந்தான். தான் டீ குடிப்பது போதாதென்று கம்ப்யூட்டருக்கும் ஓய்வு கொடுக்கிறான் சோம்பேறி என்று நினைத்து அதைத் தூக்கிவிட்டேன். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஓடவிட்டுப் போனேன். மறுநாள் ஆராய்ச்சிக்குப் பணம் தரும் நிறுவனத்திலிருந்து இரண்டு பெரியவர்கள் எங்கள் வேலையைப் பார்க்க வருவதாக இருந்தது.

காலையில் அவர்கள் முன்னால் ஆரோக்கியசாமி பட்டனை அமுக்கினான். முதல் பெட்டி சிவந்தது. மறுபடி அமுக்கினான். மறுபடியும் சிவப்பு. அப்போதுதான் மழையளவு மையத்திலிருந்து அவனுக்கு வந்திருந்த மெயிலைத் திறந்தான். உங்கள் பெயரில் இடைவிடாமல் கேள்விகள் வந்து எங்கள் சர்வீஸே திணறிப்போனது, ஆகவே உங்கள் கல்லூரி முழுவதையும் தடுத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தது. நகலெடுத்ததில் "கேட்பவர்" என்ற இடத்தில் அவன் பெயர் அப்படியே இருந்திருக்கிறது. பதினாறு பெட்டி கூடுதலாகச் செய்தவளுக்கு ஒரு பெயரை மாற்றத் தோன்றவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான்.

"இன்னா ஆரோக்கியம் இது, வந்தவங்க முன்னால?" என்றார் பேராசிரியை.

அவன் தலையைச் சொறிந்தான். "நாந்தான் எங்கனா தப்பு பண்ணியிருப்பேன் மேடம். பாக்கறேன்."

வந்தவர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: "தப்ப ஒத்துக்கற ஆளுங்க இப்பல்லாம் ரொம்பக் கம்மி தம்பி. நல்லா வருவீங்க."

மனசாட்சி உறுத்தியது என்று எழுத ஆசைதான். ஆனால் அது இல்லை. செய்தது நான், பேர் வாங்குவது அவனா? என் தப்பைக்கூட எனக்கு விட்டுவைக்க மாட்டானா? "அத பண்ணது நான் மேடம்" என்று எழுந்து நின்றேன். காத்திரு பெட்டியை எடுத்தது, பெயரை மாற்றாதது, எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

என்னை யாரும் பாராட்டவில்லை. மூத்தவர் கண்ணாடியைப் போட்டு ஒரு முறை பார்த்துவிட்டு, மாட்டிய கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"அந்தப் பொட்டி எதுக்குன்னு நான் சங்கீதாவுக்குச் சொல்லியிருக்கணும் சார்" என்றான் ஆரோக்கியசாமி. (இந்தத் தப்பையும் அவனே எடுத்துக்கொண்டான்!) முன்பே சேமித்து வைத்திருந்த மழையளவுகளைத் திறந்து வரைபடத்தைக் காட்டி முடித்தான். வேலை அவனுக்குப் போனது. மன்னிப்புக் கடிதம் எழுதுவது எனக்கு வந்தது. அதில் இருந்த ஆங்கிலத்தையும் அவன்தான் திருத்திக் கொடுத்தான். ஒரு வாரத்தில் தடை நீங்கியது.

வீட்டில் அழுதுகொண்டே சொன்னேன். "தண்ணி தொறக்கற ஆபீசருகிட்ட ஒரே நாள்ல நூறு தபா போய் நின்னா, அவரு கதவ சாத்தத்தான் செய்வாரு" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்த அப்பா இன்னும் நிறுத்தவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமே "ஒரு காலேஜயே பிளாக் பண்ண வெச்ச பொண்ணுங்க" என்றார். கட்டிக்கொண்டவர் அதைக் கேட்டுச் சிரித்ததால்தான் சம்மதித்தேன். அவரும் இப்போது அப்பா கட்சி.

சொந்தக்காரர்கள் கூடினால் அப்பா இந்தக் கதையைச் சொல்லாமல் இலையை மடிப்பதில்லை. முடிக்கும்போது ஒவ்வொரு முறையும் என் பக்கம் திரும்பிக் கேட்பார்: "அந்த ஆரோக்கியம் தங்கமான புள்ள. இப்ப எங்க இருக்கறான்?"

"எனக்கு இன்னாப்பா தெரியும்" என்று எழுந்து போய்விடுவேன்.

எந்த ஊரில் இருக்கிறான், என்ன பதவி, போன மாதம் எந்தப் பத்திரிகையில் அவன் கட்டுரை வந்தது, எல்லாம் தெரியும். வாரம் ஒரு தடவை இணையத்தில் அவன் பெயரைப் போட்டுப் பார்த்துவிடுகிறேன்.