லிட்டர் முசேவின் டாப் மாடல்

மனிதர்களை எஞ்சின் அளவு வைத்துப் பார்த்த ஒரே ஆள், முத்தியால்பேட்டையில் லிட்டர் முசேதான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனில் வந்தவர், அதனால் எல்லாருக்கும் ‘முசே’, பிரெஞ்சில் ஐயா. நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். சென்னையில் யாரோ தள்ளிவிட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அவரிடம் இருந்தது. சின்ன வண்டி, இரண்டே கதவு, பின்பக்கம் ‘2.0’ என்று வெள்ளி எழுத்து.

அந்த மாடலில் மூன்று தரம் உண்டு என்று தெருவுக்கே பாடம் நடத்தியிருந்தார். பேஸ் மாடலுக்கு 1.4 லிட்டர் எஞ்சின், நடு மாடலுக்கு 1.6, டாப் மாடலுக்கு இரண்டு லிட்டர். வெளியே மூன்றும் ஒன்றுபோல இருக்கும், உள்ளேதான் விஷயம் என்பார். பெரிய மார்க்கெட்டில் மூன்று வஞ்சிரத்தைக் காட்டி அவர் இதையே விளக்க, மீன்காரம்மா நிதானமாகக் கேட்டார்: “எஞ்சின எடுத்துட்டுத் துண்டு போடட்டுமா முசே?”

மகள் ரோஸ்லினுக்கு வந்த வரன்களையும் இப்படித்தான் கழித்தார். பேங்க் மாப்பிள்ளைக்குப் பாடி டாப் மாடல், எஞ்சின் பேஸ் என்று தீர்ப்பு. கடைசியில் கடலூர்ப் பையன் ஒருவன் அதே காரில் டாப் மாடல் வைத்திருக்கிறான் என்று தெரிந்ததும், போட்டோகூடப் பார்க்காமல் வரச் சொல்லிவிட்டார். ரோஸ்லின் பார்த்திருந்தாள், அவளுக்குப் பிடித்திருந்தது.

கார் தெருமுனை திரும்பும்போதே, சத்தத்தைக் கேட்டு முசேவின் முகம் மாறியது. வந்தவர்கள் உட்கார்ந்ததும் பானட்டைத் திறந்து காட்டச் சொன்னார். ரோஸ்லின் காபித் தட்டோடு அப்படியே நின்றாள்.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். “தொறக்க வேணாம் மாமா. உள்ள 1.4தான். அந்த 2.0வ நான்தான் வாங்கி ஒட்டுனேன்.”

அவன் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். முசே நேராகக் கார் ஷெட்டுக்குப் போனார். தெருவில் ஒருவருக்கும் திறந்து காட்டாத தன் காரின் பானட்டைத் தூக்கிப் பிடித்து, “வந்து பாருங்க தம்பி” என்றார்.

எட்டிப் பார்த்த பையன் சிரிப்பை அடக்கத் திணறினான். அதுவும் 1.4.

“எனக்கு எப்பவோ தெரியும்பா” என்றாள் ரோஸ்லின். காபி ஆறுகிறது, எல்லாரும் உள்ளே வாருங்கள் என்று முசே அவசரமாகப் பேச்சை மாற்றினார்.

கல்யாணத்தன்று பெண்ணைப் பின்சீட்டில் உட்காரவைத்து அவரே மாதா கோயிலுக்கு ஓட்டினார். பக்கத்தில் நான். நடந்து போனவர்களெல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு சைக்கிளும் போனது. ஏன் முசே இவ்வளவு மெதுவாகப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

கண்ணாடியில் மகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சீக்கிரம் போய்ட்டா, எறக்கி வுட்டுடணுமே.”