ஓ.டி.பி. சொல்லாத மாமாவுக்கு ஒரு நன்றி

அன்புள்ள மோகன் மாமாவுக்கு,

அர்ச்சனா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நைனா நலம். அம்மா நலம். இருவரும் மறுபடி பேசிக்கொள்கிறார்கள், அதுவும் நலமே. ஏரியில் தண்ணீர் இருக்கிறது, இறால்தான் யோசிக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீங்களும் ராஜம்மா அத்தையும், அந்த ஐஸ் ஃபேக்டரிக் குளிரில் சளி பிடிக்காமல், நன்றாக இருக்க வேண்டும்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். நம்ப மாட்டீர்கள். 'மிஷின் குரல்' என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். என் கையெழுத்து உங்களுக்குத் தெரியும். 'ழ' இன்னும் கோணல்தான். சரிபார்த்துக்கொள்ளவும்.

நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன் மாமா. நீங்கள் ஓ.டி.பி. சொன்னதற்கு அல்ல. சொல்லாததற்கு.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்தபோது ஒரு போன் நம்பர் கேட்டார்கள். நைனாவின் போன் இந்த வருடம் மட்டும் மூன்று முறை ஏரியில் விழுந்திருக்கிறது. அம்மாவின் போன் மீன் கூடைக்கு அடியில் இருக்கும். அடிக்கிறதா துடிக்கிறதா என்று தெரியாது. குடும்பத்தில் நனையாத நம்பர் உங்களுடையது ஒன்றுதான். அதைக் கொடுத்தேன். நல்ல யோசனை என்று நினைத்தேன். உங்களிடம் வீடியோ காலில் போலீஸ் வேஷம் போட்டு ஒருவன் ஓ.டி.பி. வாங்கியதும், அதற்குப் பிறகு உயிரே போனாலும் அந்த ஆறு எண்ணை யாரிடமும் சொல்வதில்லை என்று நீங்கள் சத்தியம் செய்ததும் எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

கல்லூரிகளை விருப்பப்படி வரிசையாக எழுதி, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பூட்ட வேண்டும். பூட்ட ஓ.டி.பி. வேண்டும். மூன்று நாள் அவகாசம். முதல் நாள் முழுக்க உட்கார்ந்து இருபத்து மூன்று பெயர்கள் எழுதினேன். முதலில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், எந்திரவியல். மூன்று வருடமாக எனக்கு அது ஒன்றுதான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இருபத்து மூன்றாவதாக, கட்டடத்தைவிட பஸ்கள் அதிகமுள்ள ஒரு கல்லூரி. எதுவுமே கிடைக்காவிட்டால் அது. இரண்டாம் நாள் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக நான் பொன்னேரி போக வேண்டியிருந்தது. தாளை நைனாவிடம் கொடுத்து, "பழவேற்காட்டுல ஜெரோம் அண்ணன் ஜெராக்ஸ் கடையில குடுங்க, அவரு ஏத்திடுவாரு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஒரு தாளைக் கொண்டுபோய்க் கொடுப்பதில் என்ன தவறு நடக்க முடியும்.

நைனா தாளைக் கொடுத்தார். கூடவே ஒரு யோசனையும் கொடுத்தார்.

"கீழேருந்து ஏத்து."

"இன்னாண்ணே, தலைகீழா கீதே? மொதல்ல இருக்கறதுதான் மொதல்ல வரணும்."

"நீ கடை வெச்சினு கீற. ஒனக்கு பாடு தெரியாது. இப்படி உக்காரு, சொல்றேன்."

ஜெரோம் அண்ணன் ஏற்கனவே உட்கார்ந்துதான் இருந்தாராம். நைனா விளக்கினார். ஏரியில் வலை கட்டுகிற இடம் எல்லாம் ஒன்றுபோல இல்லை. ஒன்றில் இறால் கொட்டும், ஒன்றில் சேறுதான் வரும். அதனால் குப்பத்தில் சீட்டு எடுத்து, முறைவைத்துப் பாடு பிரித்துக்கொள்கிறோம். இன்றைக்கு இந்த இடம், நாளைக்கு அடுத்த இடம். எல்லாரும் எல்லா இடத்துக்கும் வருவார்கள். "மொத நாளே நல்ல எடம் வுழுந்தவன் சிரிப்பான். மறுநாள்லேருந்து அழுவான். சேத்துல ஆரம்பிக்கிறவன்தான் கெட்டிக்காரன், அவனுக்குப் போகப் போக நல்ல எடம். எம்பொண்ணுக்கு விவரம் பத்தல. நல்லத எல்லாம் மொதல்லயே எழுதி வெச்சிக்கீது. நீ அந்த பஸ்ஸு காலேஜ்லேருந்து ஆரம்பி."

ஜெரோம் அண்ணன் நியாயமான மனிதர். பாடு என்பது நியாயமாகவும் பட்டிருக்கிறது. கீழிருந்து ஏற்றிவிட்டார். இருபத்து மூன்று முதலாவதாகவும், என் பல்கலைக்கழகம் கடைசியாகவும். அந்த பஸ் கல்லூரியோ, என் மார்க்குக்குக் கை நீட்டி அழைக்கக்கூடிய இடம். பூட்டினால் முடிந்தது. நான்கு வருடம் பஸ் எண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.

பூட்ட ஓ.டி.பி. கேட்டது. ஓ.டி.பி. உங்களுக்கு வந்தது. நைனா கூப்பிட்டார்.

இதற்குமேல் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் ஒரு முனையில்தான் இருந்தீர்கள். ஜெரோம் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால், ஜெராக்ஸ் எடுக்க வந்த ஆறு பேர் மறுமுனையில் இருந்தார்கள். அவர்கள் சொன்னபடி எழுதுகிறேன்.

"மச்சான், நான்தான். ஒரு நம்பர் வந்துக்கீதா பாரு."

"யாரு நீ?"

"உன் மாமன்டா. தங்கவேலு."

"அவனும் அப்படித்தான் சொன்னான், போலீஸ்னு. எங்க மாமா பேரு ஊருக்கே தெரியும்."

"டேய், என் கொரலு தெரியல?"

"கொரல எல்லாம் இப்ப மிஷினே போடுது. நீ மாமாவா இருந்தா இதுக்கு பதில் சொல்லு. கல்யாணம் ஆயி மொத விருந்துக்கு எங்க வூட்டுக்கு வந்தப்ப, எங்கம்மா இன்னா ஆக்கிப் போட்டுச்சி?"

கடையில் எல்லாரும் நைனாவைப் பார்த்தார்கள். நைனா கூரையைப் பார்த்தார்.

"எறா."

"போடா திருடா" என்று வைத்துவிட்டீர்கள்.

மூன்று முறை கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் புது ஓ.டி.பி., ஒவ்வொரு முறையும் வேறு மீன். இரண்டாம் முறை வஞ்சிரம். மூன்றாம் முறை நைனா மனம் உடைந்து "கோழி" என்றிருக்கிறார். கம்ப்யூட்டர் 'நாளை முயலவும்' என்று சொல்லிவிட்டது.

நான் சான்றிதழோடு வீடு வந்தபோது நைனா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஒன் மாமனுக்கு மனசாட்சி இல்ல. ஆனா நீ கவலப்படாத, ஒனக்கு சேத்துலேருந்து ஆரம்பிச்சிக்கீறேன்" என்றார் பெருமையாக. எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் மனதுக்குள் உங்களைக் கும்பிட்டேன் மாமா. அந்த ஆறு எண்களில் ஒன்றைக்கூட நீங்கள் விட்டுத்தரவில்லை.

அம்மாவுக்கு வேறு கவலை.

"எறாவா? எங்கம்மா நண்டு ஆக்குச்சி. பாதிச் சட்டி நீயே துன்ன. ஓட்ட ஒடச்சி ஒடச்சி நான் குடுத்தேன்."

"அது நண்டா?"

"அய்யே. இருபது வருசம் யாருகூடக் குடும்பம் நடத்துனன்னே தெரியல."

அன்று நைனாவுக்குக் குழம்பில் புளி மட்டும்தான் வந்தது. மீன் எங்கள் பக்கம் நின்றுகொண்டது.

மூன்றாம் நாள். மாலை ஐந்து மணியோடு அவகாசம் முடிகிறது. காலையிலிருந்து பழவேற்காட்டில் கரண்ட் இல்லை. மூன்றரைக்கு ஜெரோம் அண்ணன் யாரிடமோ ஒரு பேட்டரி இரவல் வாங்கி வந்தார். கம்ப்யூட்டருக்கு மட்டும் போதும், ஃபேனுக்கு இல்லை. நான், நைனா, மீன் கூடையோடு அம்மா. நேற்றைய ஆறு பேரும் வந்திருந்தார்கள், ஜெராக்ஸ் எதுவும் இல்லாமலே. பட்டியலை நிமிர்த்தி ஏற்றினேன். நாலு நாற்பது. ஓ.டி.பி. உங்களுக்குப் போனது. ஆயுள் பத்து நிமிடம்.

முதலில் அம்மா பேசினாள்.

"டேய் மோகனு, நான் ஒங்கக்காடா."

"அக்கா மாதிரியே பேசறீங்க. நல்லா ட்ரெய்னிங் குடுத்துக்கீறாங்க."

"செருப்பு பிஞ்சிடும்."

"அதுவும் அக்கா மாதிரியே கீது. இந்த மிஷின்லாம் எங்கியோ போயிடுச்சி."

ஜெரோம் அண்ணன் குறுக்கே வந்து "சார், வீடியோ கால்ல வர்றோம், மூஞ்சியப் பாத்துக்குங்க" என்றார். "வீடியோவுல தொப்பி போட்டுக்கினு வந்துதான்யா மொத தடவ வாங்கினான்" என்றீர்கள். கடையில் ஒருவர் "பாவம்" என்றார். உங்களையா எங்களையா என்று தெரியவில்லை.

நாலு நாற்பத்தாறு. போனை நான் வாங்கினேன்.

"மாமா, நான் அர்ச்சனா. எனக்குக் கேள்வி கேளுங்க."

உங்கள் பக்கம் ஐஸ் உடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் கேட்டீர்கள்.

"எட்டு வருசம் முன்ன, என் போட்டு இன்ஜின கழட்டுனது யாரு?"

மாமா, அந்தக் கேள்வியை அங்கே வைத்து நீங்கள் கேட்டிருக்க வேண்டாம். எட்டு வருடமாக எத்தனை முறை கேட்டிருப்பீர்கள். என் பாவாடையில் கிரீஸ் இருந்ததைப் பார்த்ததாகவும் சொல்லியிருக்கிறீர்கள். எப்போதும் 'தெரியாது' என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டிருந்த உங்கள் படகு இன்ஜின் அன்றிலிருந்து இருமத் தொடங்கியது. இருமலோடேயே அதை விற்றுவிட்டு, அத்தையைக் கட்டிக்கொண்டு விசாகப்பட்டினம் போனீர்கள்.

அம்மா என்னைப் பார்த்தாள். ஆறு பேரும் பார்த்தார்கள். நைனா மட்டும் ஃபேனைப் பார்த்தார். ஃபேன் ஓடவில்லை.

நாலு நாற்பத்தெட்டு.

"நான்தான் மாமா."

நீங்கள் சிரித்தீர்கள். "தெரியும்டி. எனக்கு அப்பவே தெரியும். ஒன் வாயால வரட்டும்னு இருந்தேன்." பிறகு ஆறு எண்கள், ஒவ்வொன்றாக, கையில் எடுத்து வைப்பதுபோலச் சொன்னீர்கள். ஜெரோம் அண்ணன் தட்டினார். பூட்டிக்கொண்டது. கடையில் கை தட்டினார்கள். அம்மா கூடையிலிருந்து ஜெரோம் அண்ணனுக்கு ஒரு மடவை மீனை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைக் கீ போர்டு மேல் வைத்துவிட்டு அப்புறம் பதறினார்.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். எந்திரவியல். முதல் விருப்பமே.

நைனாவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி சந்தோஷப்பட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மொத நாளே நல்ல எடமா? அப்ப நாளைக்கு?"

"நாளைக்கும் அதே எடம்தான் நைனா. நாலு வருசமும்."

"மாறவே மாறாதா?"

"மாறாது."

வலையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அப்ப அந்தச் சேத்துல வுழுந்த புள்ளைங்க எப்ப இந்த எடத்துக்கு வரும்?"

கட் ஆஃப், தரவரிசை என்று ஏதோ சொன்னேன். தலையாட்டினார். அவருக்குப் புரியாதது இல்லை, ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குக் கிடைத்ததில் கூச்சமில்லை. ஆனால் அந்தக் கேள்வியையும் பெட்டியில் வைத்து எடுத்துப் போகிறேன்.

அதனால் மாமா, இந்தக் கடிதம் முழுக்க நன்றிதான். நம்பர் கொடுத்ததற்கு. நைனாவை நம்பாததற்கு. நண்டை மறக்காததற்கு. கடைசியில் என்னை நம்பியதற்கு. உங்களைப்போல ஒரு காவல்காரர் எந்த வங்கியிலும் இல்லை. 

அத்தைக்கு என் வணக்கம். கன்னியம்மன் உங்கள் இருவருக்கும், உங்கள் போனுக்கும் துணையிருக்கட்டும். அம்மா கருவாடு அனுப்புகிறாள். பார்சலை வாங்க ஓ.டி.பி. கேட்பார்கள். சொல்லிவிடவும்.

உங்கள் அன்பு மருமகள்,
அர்ச்சனா

பி.கு.: மேலே எழுதியதை நைனாவிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "உண்மைய எழுதிடு" என்றார். எழுதுகிறேன். இன்ஜினைக் கழற்றியது நான் இல்லை. நைனா. உங்களுடையது ஒரே இழுப்பில் பிடிக்கிறது, அவருடையது பத்து இழுப்புக்கும் அசைவதில்லை, ஏன் என்று பார்க்கத்தான். கழற்றிச் சாக்கில் பரப்பிவிட்டார். திருப்பி மாட்டத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக எடுத்ததை முதலில் மாட்டினேன், முதலில் எடுத்ததைக் கடைசியில். பத்து வயதில் நான் மாட்டிய முதல் இன்ஜின். அப்படியானால், கீழிருந்து ஆரம்பித்தால் சரியாக வரும் என்று நைனாவுக்குக் காட்டியதும் நான்தானோ என்னவோ. ஆகவே மாமா, நீங்கள் தவறான பதிலுக்கு ஓ.டி.பி. கொடுத்திருக்கிறீர்கள். கேள்வியை மாற்றிவிடுங்கள்.

அன்று ஒரு சின்ன ஸ்பிரிங் மீந்துபோனது. இருமல் அதனால்தான். அதை இந்தக் கவரில் வைத்து அனுப்பச் சொன்னார் நைனா. வைக்கவில்லை. அது எங்கே மாட்ட வேண்டியது என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்த பிறகு தருகிறேன். நான்கு வருடம் பொறுங்கள்.