குடியிருந்த களை

மாமனார் பஸ் ஏறிவிட்டார் என்று மனைவி போனில் சொன்னபோது குஷன் ஒரு போர்வையைக் கசக்கிக்கொண்டிருந்தான். கசங்கியும் இருக்க வேண்டும், அழுக்காகவும் தெரியக் கூடாது. லேசான வேலை இல்லை.

அவனுக்கு வேலை ஒரு ஃபர்னிச்சர் கடையின் மூன்றாம் மாடியில். அங்கே ஒரு மாதிரி வீடு இருந்தது. ஹால், படுக்கையறை, சமையலறை எல்லாம் உண்டு. கூரையும் நாலாவது சுவரும் கிடையாது. தலைமை அலுவலகம் சொல்கிறபடி பருவத்துக்குப் பருவம் அதை மாற்றி வைப்பது அவன் பொறுப்பு. குஷன்களைச் சாய்த்து வைப்பதில் அவன் காட்டிய அக்கறையைப் பார்த்துக் கடையில் வைத்த பெயர்தான் குஷன். அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

போன பருவத்து உத்தரவு 'வெறுமை'. ஹாலில் ஒரு நாற்காலி, ஒரு ஜாடி. ஜாடியே ஜாஸ்தி என்று மேனேஜர் அபிப்பிராயப்பட்டார். இந்தப் பருவத்துக்கு வந்திருப்பது 'குடியிருந்த களை'.

"யாரோ இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்துட்டு இப்பத்தான் எழுந்து உள்ள போன மாதிரி இருக்கணும்" என்று மேனேஜர் விளக்கியிருந்தார். போன பருவத்தில் மேஜையில் காபிக் கறை இருந்ததற்குக் குதி குதி என்று குதித்த அதே மனிதர், இந்தத் தடவை கறையை எந்த மூலையில் வைப்பது என்று அரை நாள் யோசித்தார்.

"உங்கப்பா எங்க வர்றாரு?" என்று போனில் கேட்டான் குஷன்.

"நம்ம வீட்டுக்குத்தான்."

"எந்த வீட்டுக்கு?"

"போட்டோல இருக்கிற வீட்டுக்கு."

மாமனாருக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. "சோபா தள்ளுறவனுக்கா என் பொண்ணு?" என்று கேட்டவர், அதற்கப்புறம் இரண்டு வருஷம் மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் அவள் மாதிரி வீட்டு ஹாலில் நின்று படம் எடுத்து, 'எங்க வீடு' என்று எழுதி அவருக்கு அனுப்பிவிட்டாள். அன்று மாலையே போன் வந்தது. அவரும் சளைத்தவர் இல்லை. தான் புதிதாகக் குடிபோயிருக்கும் வீடு என்று தேக்குக் கட்டிலில் சாய்ந்தபடி ஒரு படம் அனுப்பினார். இவள் பச்சைச் சுவரை அனுப்பினால் அவர் ஊஞ்சலை அனுப்புவார். அப்பாவும் மகளும் இப்போது தினமும் பேசிக்கொள்கிறார்கள். குஷனும் அவளும் குடியிருந்த ஒற்றை அறை வாடகை வீட்டில், அந்த போன் வரும்போது மட்டும் அவள் வாய்விட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் கை வைக்கக் குஷனுக்கு மனசு வரவில்லை.

"உண்மையைச் சொல்லிட்டா என்ன?"

"சொன்னா மறுபடி பேச மாட்டாருங்க. எனக்குத் தெரியும்." "அரை மணி நேரம்தான் இருப்பாராம். திரும்புற பஸ்ஸைப் பிடிக்கணுமாம்."

கடைக்கு அன்று வார விடுமுறை. அவன் மட்டும்தான் வந்திருந்தான்.

"சரி. பின்வாசல் வழியா, சரக்கு லிஃப்ட்ல கூட்டிட்டு வா."

விலைச் சீட்டுகளையெல்லாம் அறுத்துப் பையில் திணித்தான். நாலாவது சுவர் இல்லாத பக்கம் ஒரு நீளத் திரையை இழுத்துவிட்டான். கூரைக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மாமனார் அண்ணாந்து பார்க்காமலிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான்.

லிஃப்ட் கதவு திறந்தது.

"அபார்ட்மெண்டுக்கு லிஃப்ட் ரொம்பப் பெரிசா இருக்கே, மாப்பிள்ளை."

"சோபா ஏத்த வசதியா இருக்கும் மாமா."

மாமனார் வீட்டை அதிகம் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இளைச்சுட்டே" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவர் ஜன்னல் பக்கம் போனார். ஜன்னலில் ஒட்டியிருந்த மரத்தின் படத்தை உற்றுப் பார்த்தார்.

"நல்ல மரம். இலை உதிராத ஜாதி போலிருக்கு" என்றார்.

"ஆமா மாமா. வருஷம் பூரா பச்சைதான்."

"போட்டோல சுவரு பச்சையா இருந்துச்சே?"

"அது போன சீசன்ப்பா" என்றாள் மகள். "இப்பல்லாம் சீசனுக்குச் சீசன் மாத்திடுறது."

"செலவாகுமே."

"மாத்தலேன்னா மரியாதை இல்ல மாமா" என்றான் குஷன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"குடிக்கத் தண்ணி கொடும்மா. குழாய்த் தண்ணி வேண்டாம். கேன் தண்ணி இருந்தா கொடு."

குழாயில் தண்ணீர் வந்ததே கிடையாது. பெரிய கண்டத்திலிருந்து தப்பியதாக நினைத்து அவள் ஊழியர்கள் அறைக்கு ஓடினாள். மாமனார் சோபாவில் உட்கார்ந்தார். அவர் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. ஒரு விலைச் சீட்டு அறுபடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது... இன்ஷூரன்சுக்குக் கட்டினது மாமா."

மாமனார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். "கேட்டா கொஞ்சம் குறைச்சிருப்பாங்களே. கேட்டீங்களா?"

குஷன் சீட்டைப் பிய்த்தெடுக்கக் குனிந்தபோது திரைக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. கூடவே மேனேஜரின் குரல்.

"லீவு நாள்தான். உங்களுக்காகத்தான் ஸ்பெஷலா திறந்தேன். வாங்க, வாங்க."

"யாரு?" என்றார் மாமனார்.

"பக்கத்து வீட்டுக்காரங்க மாமா!" என்றவன், திரையின் சந்தில் தலையை மட்டும் நீட்டினான்.

வெளியே மேனேஜர். அவருக்குப் பின்னால், புது வீடு கட்டி முடித்த களைப்பு முகத்தில் தெரிய, ஒரு கணவன் மனைவி.

"உள்ள யாருப்பா பேசுறது?" என்றார் மேனேஜர்.

"குடியிருந்த களை சார்." குஷன் குரலைத் தாழ்த்தினான். "வெறும் போர்வையில களை வரல. ஆளையே உட்கார வச்சுட்டேன்."

மேனேஜர் அவனைப் பார்த்த பார்வையில் பதவி உயர்வு பளிச்சிட்டது. "பிரமாதம்டா!" என்று திரையைச் சரக்கென்று விலக்கினார்.

மாமனார் எழுந்து நின்றார். "வாங்க, வாங்க. உட்காருங்க. நம்ம வீடு மாதிரி நினைச்சுக்குங்க."

"என்னமா பேசுறாரு!" என்று பூரித்தாள் வந்த அம்மாள்.

அவள் கணவர் நேராகப் போய்க் கட்டிலில் படுத்து இரண்டு தடவை குதித்தார். தண்ணீரோடு வந்த குஷனின் மனைவி, முன்பின் தெரியாத ஒருவர் தன் படுக்கையில் துள்ளுவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கம்பக்கம் ரொம்ப உரிமையாப் பழகுறாங்க" என்றார் மாமனார்.

"இந்த சீசன்ல அப்படித்தான் மாமா."

அந்த அம்மாள் சோபாவைத் தட்டினாள். "இது உழைக்குமா பெரியவரே?"

"நல்லாச் சாய்ஞ்சு உட்காருங்கம்மா. காலை நீட்டுங்க. இப்பச் சொல்லுங்க."

"ஏங்க!" என்று அவள் கணவரைக் கூப்பிட்டாள். "இதுல உட்கார்ந்தா எழுந்திருக்கவே மனசு வரல."

மேனேஜர் குஷனின் காதில் கிசுகிசுத்தார். "இவரை எங்கடா பிடிச்சே? சீசன் முடியிற வரைக்கும் அனுப்பிடாதே."

மாமனார் விருந்தாளிகளை விடவில்லை. மேஜையை மெச்சினார், விளக்கைப் போட்டுக் காட்டினார். அவர் உபசரிக்க உபசரிக்க அந்த அம்மாளுக்கு ஆசை கூடிக்கொண்டே போனது. கடைசியில் கைப்பையைத் திறந்தாள்.

"ஹாலை அப்படியே எடுத்துக்கறோம். கசங்கின போர்வை உட்பட. இன்னிக்கே வேணும்."

"இப்பவே அனுப்பிடறேன்" என்றார் மேனேஜர். "பக்கத்து ஊர்க் கிளையிலிருந்து சரக்கு இறக்கின வேன் கீழதான் நிக்குது. டிரைவரை மேல கூப்பிடறேன்."

இன்னும் கொஞ்ச நேரத்தில் வீடு மாமனாரின் கண்ணெதிரிலேயே லிஃப்டில் இறங்கப்போகிறது. அதற்கு ஏற்ற பொய் எந்தப் பருவத்திலும் வரவில்லை. குஷன் மனைவியைப் பார்த்தான். அவள் அப்பாவின் கையை இறுகப் பிடித்தபடி, கண்களால் வேண்டாம் வேண்டாம் என்றாள். மறுபடி இரண்டு வருஷ மௌனம் அந்தக் கண்களில் தெரிந்தது.

மறைத்து இனிப் பயனில்லை. அவன் மாமனார் முன்னால் போய் நின்றான்.

"மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். இது..."

"எதுக்கு மாப்பிள்ளை இப்ப?" மாமனார் அவசரமாகக் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. அந்த டிரைவர் வர்றதுக்குள்ள... படி எந்தப் பக்கம்?"

அதற்குள் லிஃப்ட் கதவு திறந்துவிட்டது. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்த வேன் டிரைவர், மாமனாரைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக நின்றான்.

"அட, நம்ம கிளை வாட்ச்மேன் ஐயா! அங்க இருக்கிற வீட்டுல போட்டோ எடுத்து எடுத்து அலுத்துப்போய், இப்ப இந்த வீட்டுக்கே குடி வந்துட்டீங்களா?"